காந்தம் ஒட்டாத தகடும் ஒட்டும் துண்டும்

1

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். ஐந்தாறு மாதமாக இடுப்பில் தொடங்கி இடது கால்வரைக்கும் இறங்குகிற ஒரு வலி. குடும்ப வைத்தியர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி எழுதியிருந்தார். அதற்கு நாள் குறிக்கத்தான் அந்தப் பெண் எடுத்திருந்தாள்.

பெயர், பிறந்த திகதி, ஹெல்த் கார்ட் இலக்கம் எல்லாம் சரிபார்த்த பிறகு ஒரு பட்டியலை மூச்சுவிடாமல் வாசித்தாள். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் இருக்கிறதா? காதுக்குள் கருவி? மூளையில் ஒப்பரேசன்? ஒவ்வொன்றுக்கும் "நோ, நோ" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக, உடம்பில் எங்கேயாவது உலோகம் இருக்கிறதா என்று கேட்டாள். தகடு, ஆணி, வெடிச்சிதறல், எதுவாகிலும்.

"நோ" என்றேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமைக்கு நாள் தந்துவிட்டு அவள் வைத்துவிட்டாள். சோறு அப்படியே இருந்தது. என்னுடைய இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தகடும் ஆறு ஆணிகளும் இருக்கின்றன. தொடைக்குள் வெடித்த செல்லின் துண்டுகள் கிடக்கின்றன. ஒன்றை இப்போதும் விரலால் உருட்டிப் பார்க்கலாம். முப்பது வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிற சாமான்களை நான் ஒரு சொல்லில் இல்லை என்று ஆக்கிவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. கேள்வி முடிய முதலே வாய் சொல்லிவிட்டது.

2

அந்த வாயை அப்படிப் பழக்கியது ஊர்.

கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டுக் கானோடு வரிசையில் நின்ற ஒரு காலையில் இராணுவம் அடித்த செல் விழுந்து வெடித்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு முன்னால் நின்ற மனிதர் என் பக்கம் திரும்பி, எத்தனை போத்தல் தருவாங்களாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சேர்ஜன் ஐயா காலைக் காப்பாற்றித் தந்தார். அந்த நேரத்தில் மருந்துக்கே தட்டுப்பாடு. தகடு எங்கிருந்து வந்தது, எந்த நாட்டில் செய்தது என்று யாருக்கும் தெரியாது. "எடுக்கக்கூடியதை எடுத்திட்டன் தம்பி. மிச்சம் கிடக்கட்டும், ஒண்டும் செய்யாது" என்று சொன்னார். கடதாசியில் எழுதித் தந்ததெல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது.

அடுத்த வருடம் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் காற்சட்டையை உயர்த்தச் சொன்னார்கள். காயத்தைக் கண்டதும் என்னை வரிசையிலிருந்து பிரித்தார்கள். சண்டையில் பட்டதுதானே என்று இரண்டு நாள் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதை எழுத விருப்பமில்லை. வெளியே வந்த பிறகு யார் கேட்டாலும் எனக்கு மோட்டார் சைக்கிள் விபத்துத்தான் நடந்தது. கொழும்பில் கனடா விசாவுக்கான மெடிக்கலுக்குப் போனபோதும் அதைத்தான் சொன்னேன். அப்படியே எழுதினார்கள். என் மனைவி சுகந்தி அப்போது ஏற்கனவே டொரொன்டோவில் இருந்தாள். என்னை ஸ்பொன்சர் பண்ணியது அவள்தான்.

3

நான் வேலை செய்வது ஸ்காபரோவில் பாத்திரம் கழுவுகிற குசினி சிங்க் செய்கிற தொழிற்சாலையில். வருகிற ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் தகடுகளைப் பார்த்து எடுக்கிற வேலை. ஒவ்வொரு கட்டோடும் ஒரு பத்திரம் வரும். அதில் என்னென்ன உலோகம் எவ்வளவு என்று போட்டிருக்கும். குரோமியம் பதினெட்டு, நிக்கல் எட்டு, காபன் பூச்சியம் புள்ளி பூச்சியம் ஐந்து. நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன், கைக்காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் அது வேறு தரம், திருப்பி அனுப்பவேண்டும். ஒட்டாவிட்டால் உள்ளே போகலாம். பதினேழு வருடமாக இதைச் செய்கிறேன். ஏன் ஒட்டாது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தபாலில் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. அந்த மெஷின் முழுக்க ஒரு பெரிய காந்தம் என்று அதில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். சில உலோகங்கள் உள்ளே அசையக்கூடும், சூடாகக்கூடும் என்று ஒரு வரி. எந்த உலோகம் என்று இல்லை. அந்த 'சில' என்ற சொல்லை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது.

சனிக்கிழமை காலை சுகந்தி சாமான் வாங்கப் போன நேரம், வேலையிலிருந்து கொண்டுவந்த கைக்காந்தத்தோடு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். தகடு இருக்கிற இடத்தில் வைத்தேன். ஒன்றும் இல்லை. தொடையில் வைத்தேன். இழுப்பது போலவும் இருந்தது, இழுக்காதது போலவும் இருந்தது. எடுத்துத் திரும்ப வைத்தேன். ஐம்பத்தாறு வயது மனிதன் அரைக் காற்சட்டையோடு ஸ்காபரோ வோபர்னில் ஒரு குளியலறையில் நின்று தன் தொடையில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தரம் வைத்தும் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

4

சுகந்தி கெட்டிக்காரி. முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். நான் சொல்லி முடிக்குமட்டும் வாங்கிவந்த கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, போன் எடுத்துச் சொல்லப்போறன் எண்டு மட்டும் வெளிக்கிட்டிடாதேங்கோ" என்றாள்.

"சொல்லாமல் அதுக்குள்ள போய்ப் படுக்கிறதோ?"

"போகவேண்டாம். சுகமாகீட்டுது எண்டு கான்சல் பண்ணுங்கோ. ஆயுள்வேத எண்ணெய் போட்டுப் பாப்பம்."

"கால் விறைக்குது சுகந்தி. வேலையில ரெண்டு தரம் விழப் பாத்தனான்."

கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "மெடிக்கல் பேப்பரில மோட்டச்சைக்கிள் எண்டெல்லே கிடக்கு. இப்ப ஆஸ்பத்திரியில செல் எண்டு எழுதினால், ரெண்டையும் ஆரும் ஒப்பிட்டுப் பாக்கமாட்டினமே? அந்த ஸ்பொன்சர் போமில கீழ கையெழுத்து வைச்சது நான். எல்லாம் உண்மை எண்டு வைச்சனான்."

"நாங்கள் இப்ப சிட்டிசன். நீர் பேசாம இரும்."

"சிட்டிசனையும் பறிக்கிறாங்களாம். பிக்கரிங்கில ஆரோ ஒருத்தருக்கு நடந்ததாம்."

ஆருக்கு என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. இங்கே எங்களுடைய பயங்கள் இப்படித்தான் வளர்கின்றன. பிக்கரிங்கிலோ ரெக்ஸ்டேலிலோ பெயர் தெரியாத ஒருவருக்கு ஏதோ நடந்திருக்கும். அது உண்மையோ பொய்யோ, நான் அன்று முழுக்க அந்த ஆளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. ஹமில்ட்டனில் மூன்றாம் வருடம் எஞ்சினியரிங் படிக்கிறாள். மெற்றீரியல்ஸ் என்று அந்தத் துறைக்குப் பெயர். கலியாணவீடுகளில் மகள் என்ன படிக்கிறா என்று கேட்டால் எஞ்சினியரிங் என்று சொல்லி நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் அறைக்கதவு சாத்தியிருக்கும். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அந்தப் பதிலும் வருடத்துக்கு வருடம் சுருங்கி வந்தது. சண்டை ஒன்றும் இல்லை. கதைக்க ஒரு பொருள் இல்லை.

அந்தக் கிழமை அவளுக்குப் படிப்பு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் லாப்டொப்போடு இருந்தாள். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வேலை விசயம் போலக் கேட்டேன்.

"பிள்ளை, ஒரு இரும்பில காந்தம் ஒட்டுது, இன்னொண்டில ஒட்டேல்லை. ரெண்டும் இரும்புதானே. ஏன் அப்பிடி?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலமோ. பிறகு லாப்டொப்பை மூடினாள்.

"அப்பா, மெற்றல் எண்டால் அற்றம்ஸ் சும்மா கொட்டிக் கிடக்கிறேல்லை. அடுக்கி இருக்கும். கிறிஸ்டல்."

"பளிங்கு."

"வாட்?"

"கிறிஸ்டலுக்கு ஊரில பளிங்கு எண்டு படிச்சனாங்கள்."

"பளிங்கு" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மேசையில் இருந்த, ஆறு பக்கமும் சதுரமான ரிஸ்யூ பேப்பர்ப் பெட்டியை இழுத்துப் பேனாவை எடுத்தாள். எட்டு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தாள். அது அணு. பிறகு ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. "இது ஒரு வகை. பெட்டியின்ரை முகத்தில இருக்கிறது. மற்ற வகையில முகத்தில ஒண்டும் இல்லை, பெட்டிக்கு உள்ள, நடு சென்ரரில ஒண்டே ஒண்டு. சாதாரண இரும்பு அந்த ரெண்டாவது வகை. அதிலதான் மக்னெட் ஒட்டும். இரும்பை நல்லாச் சூடாக்கினால் முதலாவது வகைக்கு மாறும், ஆறினால் திரும்பி வந்திடும். ஆனால் நிக்கல் போதுமான அளவு கலந்தால் ஆறின பிறகும் முதலாவது வகையிலயே நிண்டிடும். உங்கட சிங்க் ஸ்ரீல் அது. அதான் ஒட்டாது."

"எட்டு வீதம் நிக்கல்."

"ஓம், எய்ற். ஆனால் அது நிறைப்படி அப்பா. நூறு கிலோவில எட்டுக் கிலோ. நூறு அற்றத்தில எட்டு எண்டு நினைக்கக்கூடாது. காபனைப் பாத்தால் தெரியும். காபன் அற்றம் பாரம் குறைவு. நிறையில கொஞ்சம்போலத்தான் காட்டும், எண்ணிப் பாத்தால் அதுக்கு நாலு மடங்குக்கு மேல இருக்கும்."

பதினேழு வருடமாக நான் அதை நூறு அணுவில் எத்தனை என்றுதான் வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் பிழை வெளியே வரவில்லை. அவளிடம் நான் ஒன்று சொன்னேன். தகட்டில் ஒட்டாத காந்தம், அந்தத் தகட்டையே அழுத்தி சிங்க் ஆக்கிய பிறகு மூலை வளைவுகளில் ஒட்டும். புதிதாக வந்தவர்கள் அதைக் கண்டு தகடு பிழை என்று ஓடிவருவார்கள்.

ஆரணியின் கண் பெரிதானது. "அதுக்கு ஒரு நேம் இருக்கு அப்பா, மார்ட்டன்சைட். வளைச்சு அழுத்தேக்க அடுக்கு மாறுது. எங்களுக்கு எக்ஸாமில வந்தது. நான் ஒருநாளும் கண்ணால பாக்கேல்லை." பிறகு கேட்டாள். "ஏன் கேக்கிறீங்கள்? வேலையில பிரச்சினையோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது காலில் என்ன என்று கேட்டதற்கும் மோட்டார் சைக்கிள் என்றுதான் சொல்லியிருந்தேன்.

"செல்லடிச்சு உடம்பில கிடக்கிற துண்டு எந்த வகை?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. "ஆற்ரை உடம்பில?"

நான் காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்தினேன். சங்கக்கடையையும் வரிசையையும் சொன்னேன். சாவடியைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை நாள் குறித்திருப்பதையும், போனில் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள்.

"நோ எண்டு சொன்னீங்களோ? அப்பா, தகடு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எலும்புக்கு வைக்கிற தகடு நிக்கல் கூடின ஸ்ரீல், முதலாவது வகை. உங்கட சிங்க்கின்ரை நல்ல தம்பி மாதிரி. செல் துண்டு அப்பிடியில்லை. அது மலிவு இரும்பு. ரெண்டாவது வகை. அது இழுபடும்."

இத்தனை நாளும் நான் பயந்தது அந்தப் பெரிய தகட்டுக்கு. துண்டுகளைப் பொருட்டாகவே எண்ணவில்லை.

"நான் காந்தம் வைச்சுப் பாத்தனான், வடிவாத் தெரியேல்லை."

"மக்னெட் வைச்சுப் பாத்தனீங்களோ?" தலையைக் கையில் பிடித்தாள். "சதைக்குள்ளால உங்களுக்கு ஒண்டும் தெரியாது. பிளீஸ், இனி உதைச் செய்யாதேங்கோ."

வாசலில் சுகந்தி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. "அம்மா, யூ நியூ? உங்களுக்குத் தெரியுமோ?" என்று மகள் கேட்டதும் அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

6

திங்கட்கிழமை காலை ஆரணி பக்கத்தில் இருக்க நான் ஸ்பீக்கரில் போட்டுப் போன் எடுத்தேன். என் ஆங்கிலம் சிங்க் விசயத்துக்குப் போதும், இதற்குப் போதுமோ என்று பயமாக இருந்ததால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். மகள் தானே சொல்லுகிறேன் என்றாள். குடும்பத்தவர் சொல்லக்கூடாது என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண்ணை இணைத்தார்கள். தமிழ்நாட்டுத் தமிழ். மரியாதையான குரல்.

"என்ரை காலுக்குள்ள செல் துண்டு கிடக்கு எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"செல்லா சார்?"

"ஓம், செல்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு ஆரணி வாயைப் பொத்தினாள். இவருடைய காலுக்குள் செல்போனின் துண்டு ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து, போன் எப்படி உள்ளே போனது என்று கேள்வி வந்தது.

"போன் இல்லையம்மா. வெடிக்கிற செல். ஆமி அடிச்சது."

"மன்னிச்சுக்குங்க சார்" என்று மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. பிறகு அவர் சொன்ன ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. யுத்தம் என்ற சொல்லை அவர் உச்சரித்தார். அதை யாரோ கணினியில் தட்டுகிற சத்தம் போனில் கேட்டது.

முதல் தடவை ஏன் இல்லை என்று சொன்னேன் என்று அவர்கள் கேட்கவில்லை. வியாழக்கிழமை அதே நேரத்துக்கு வாருங்கள், முதலில் எக்ஸ்ரே எடுப்போம் என்றார்கள்.

7

மூன்று பேரும் போனோம். சுகந்தி வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்து கடைசி நிமிடத்தில் சப்பாத்தைப் போட்டாள். எக்ஸ்ரே எடுத்த பிறகு நெடுநேரம் காக்க வைத்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கூப்பிடப்பட்டுப் போனார்கள். சுகந்தி என் காதுக்குள், "ஆரையோ கூப்பிட்டு விசாரிக்கினம்போல" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியது. கதவு திறக்கும்போதெல்லாம் சீருடை ஏதும் தெரிகிறதா என்று பார்த்தேன்.

வந்தது ஒரு பெண் டொக்டர், சின்ன வயது. படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். தகடும் ஆணிகளும் ஏணி மாதிரி வெள்ளையாகத் தெரிந்தன. அது பரவாயில்லை என்றார். தொடையில் இரண்டு துண்டு. அதுவும் பெரிய பிரச்சினை இல்லை, சதைக்குள் இறுகிக் கிடக்கிறது. பிறகு வேறொரு படத்தை எடுத்தார். முதுகு. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், நரம்பு போகிற வழியோடு ஒட்டினதுபோல, ஒரு மிளகளவு வெள்ளைப் புள்ளி.

"இது இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. சேர்ஜன் ஐயாவும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். முதுகில் எனக்கு ஒரு காயமும் இல்லை, நகம் கீறினது போல ஒரு அடையாளம்தான்.

இந்தப் புள்ளி எந்த உலோகம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை, அதனால் உங்களை அந்த மெஷினுக்குள் விடமாட்டேன் என்றார் டொக்டர். சீ.டி. ஸ்கான் எடுப்போம். நீங்கள் போன் பண்ணியது நல்லது என்றார். ஆரணி என் முழங்கையைப் பிடித்தாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

பிறகு டொக்டர் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே, இது எப்படி வந்தது என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் சுகந்தி மூச்சை இழுத்தது கேட்டது. மோட்டார் சைக்கிள் என்ற சொல் என் வாய்க்குள் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். யுத்தம். மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் செத்துப்போனார்.

டொக்டர் தட்டுவதை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். ஐ ஆம் சொறி என்றார். பிறகு திரும்பவும் தட்டினார்.

8

சீ.டி. அன்றைக்கே எடுத்தார்கள். வலிக்குக் காரணம் அந்தத் துண்டு இல்லை. முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஒரு சவ்வு பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம், பதினேழு வருடம் தகட்டுக்கட்டுக்கு மேல் குனிந்து நின்றதன் கூலி. ஒப்பரேசன் வேண்டாம், பயிற்சி போதும் என்றார்கள். இப்போது கால் விறைப்பது குறைந்திருக்கிறது. துண்டை எடுக்க முயல்வதைவிட விட்டுவிடுவதே நல்லது என்றும் சொன்னார்கள். அது அங்கேதான் இருக்கப்போகிறது.

வரும்போது என்னிடம் ஒரு சின்னக் கார்ட் தந்தார்கள். உடம்பில் உலோகத் துண்டுகள் உண்டு, எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டாம் என்று அதில் இருக்கிறது. எங்கே மயங்கி விழுந்தாலும் ஆட்கள் காணக்கூடிய இடத்தில் வைத்திருக்கச் சொன்னார்கள். கார் நிறுத்திய இடத்தில் சுகந்தி அதை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு பக்கமும் வாசித்து, தன்னுடைய போனில் படம் எடுத்தாள். பிறகு எனக்குத் திருப்பித் தராமல் ஆரணியிடம் கொடுத்து, "நீயும் ஒண்டு எடுத்து வைச்சிரு" என்றாள்.

ஆரணி இப்போது கிழமைக்கு ஒரு தரம் போன் எடுக்கிறாள். பயிற்சி செய்கிறேனா என்று கேட்பாள். சில வேளை பாடத்தில் வந்த ஒரு சொல்லைச் சொல்லி அதற்குத் தமிழ் என்ன என்று கேட்பாள். பாதிக்கு எனக்குத் தெரியாது. போன கிழமை, மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற அந்த மனிதர் பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டாள். சொன்னேன்.

அரசாங்கத்திலிருந்து இதுவரை கடிதம் ஒன்றும் வரவில்லை. வராது என்றுதான் எல்லோரும் சொல்லுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் தபால்பெட்டியை வீட்டில் வேறு ஒருவரும் திறக்க நான் விடுவதில்லை.